ஏற்றத்தின் விலை



திருகோணமலைக்கு வருவோர் கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியில், 'இராவணன் வெட்டு' எனப்படும் பாறைப் பிளவை எட்டிப் பாராமல் திரும்புவதில்லை. மேலே மலை, கீழே ஆழ்கடல், இரண்டிற்கும் இடையே வாளால் பிளந்தாற்போன்ற நெடிய வெட்டு. அதனைப் பற்றி எங்கள் ஊரில் வழிவழியாக வழங்கிவரும் ஐதிகம் ஒன்றுண்டு. இலங்கை வேந்தன் இராவணனின் தாய் கோணேசப் பெருமான்மீது மாறாத பக்தி பூண்டவள். முதுமையும் நோயும் மேலிட்டபோது அவளால் மலைக்கு வந்து வழிபட இயலவில்லை. தாயின் ஏக்கத்தைக் காணப் பொறாத மகன், இறைவன் எழுந்தருளியிருக்கும் மலையையே பெயர்த்து அவளிடம் கொண்டுசெல்லத் துணிந்து வாளை ஓங்கினான். அந்த வெட்டின் தழும்புதான் நாம் காணும் பிளவு என்பர். தாய் மறைந்தபின் அவளுக்குரிய கிரியைகளைச் செய்யும்பொருட்டு அவன் தோற்றுவித்தவையே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்றும் கதை தொடர்கிறது.

இது புராணம்; வரலாறு அன்று. ஆயினும் இக்கதையின் நடுவே நிற்கும் கேள்வி புராணத்திற்கு மட்டும் உரியதன்று. ஏற்றம் ஏற முடியாத தாயை என்ன செய்வது? இக்கேள்வியை மனித குலம் பல காலங்களில் பலவாறு எதிர்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் பிறர் தோள்கள் அதற்கு விடையாயின. பின்னர் கயிறும் கப்பியும் வந்தன. இக்காலத்தில் மின்சாரத்தால் இயங்கும் படியேறு நாற்காலி வந்திருக்கிறது. வெளிநாடுகளில் வாழும் நம்மவர் அதனை 'ஸ்டேர் லிப்ட்' என்பர். வீட்டில் அத்தகைய நாற்காலியைப் பொருத்த என்ன செலவாகும் என்று இன்று எங்கள் துறைமுகப் பட்டினத்திலும் சிலர் வினவத் தொடங்கியுள்ளனர். இந்த வினாவின் பின்னணியில் உள்ள வரலாற்றைச் சிறிது நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். கோணமாமலையின்மீது இருந்த பழைய ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டளவில் இடித்தனர். அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1803இல் அதற்குப் பிரெட்றிக் கோட்டை என்னும் பெயர் வந்தது. ஆலயம் இல்லாதிருந்த அந்த நீண்ட காலத்திலும் மக்கள் மலையேறுவதை விட்டுவிடவில்லை. கோட்டைக் காவலைக் கடந்து சென்று, பாறை விளிம்பில் நின்று, கடலை நோக்கிப் பூவும் பழமும் இட்டு வழிபட்டனர். 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுள் மறைந்திருந்த திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் கடலில் மூழ்கி ஆராய்ந்தோர் பழைய ஆலயத்தின் தூண்கள் நீருக்கடியில் கிடப்பதைக் கண்டனர். புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது.

இன்று கோட்டை வாசலூடாகச் சாலை மேலே செல்கிறது. மான்கள் மேயும் மரநிழலைக் கடந்து ஏறி, பாதணிகளைக் கழற்றி வைத்து, படிகளில் கால் வைக்க வேண்டும். இளையோருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. முழங்கால் தேய்ந்தவர்களுக்கோ ஒவ்வொரு படியும் ஒரு மலை. திருவிழாக் காலங்களில் மகனின் தோளை ஒரு கையாலும் சுவரை மறு கையாலும் பற்றிக்கொண்டு ஏறும் முதிய தாய்மாரை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கீழேயே நின்று, மலை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்புவோரையும் கண்டிருக்கிறேன்.

கோணேசரைப் பாடியவருள் தலையாயவர் ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர். அவர் இராமேசுவரத்தில் நின்றபடியே கடல் கடந்து கோணமலையை நினைந்து பதிகம் அருளினார் என்பது மரபு. அவருடைய வரலாற்றில் ஏற்றிச் செல்லுதல் பற்றிய செய்தி ஒன்று உள்ளது. சிறு பிள்ளையாக இருந்த அவரைத் தந்தையார் தோளில் சுமந்து தலந்தோறும் சென்றார். தந்தையின் தோளைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கால் நோவைப் பொறாத இறைவன், நெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகை அருளினான் என்று பெரியபுராணம் கூறுகிறது. பின்னொரு நாள் அச்சிவிகை திருப்பூந்துருத்தியை அணுகியது. அப்பர் எங்குள்ளார் என்று பிள்ளையார் வினவினார். முதியவரான திருநாவுக்கரசரோ கூட்டத்தோடு கூட்டமாய் அச்சிவிகையைத் தாங்கி வந்துகொண்டிருந்தார்! 'உம் அடிகளைத் தாங்கி இங்குள்ளேன்' என்ற பொருள்படக் கீழிருந்து குரல் வந்ததும், சம்பந்தர் பதைத்து இறங்கினார் என்பது வரலாறு.

பக்தியின் உயர்வைக் காட்டவே சேக்கிழார் இதனைச் சொன்னார். எனினும் இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படுகிறது. சிவிகையில் இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரிவதில்லை. கீழிருந்து குரல் எழுந்தபோதுதான் சுமப்பவர் யார் என்று மேலிருந்தவர் அறிந்தார். உலக வரலாற்றில் பெரும்பாலும் அந்தக் குரல் எழவேயில்லை. மன்னரும் பிரபுக்களும் ஏறிய பல்லக்குகளைப் பற்றி எத்தனையோ செய்திகள் உள. அவற்றைக் காவியவர்களின் தோளில் காய்த்துப் போன தழும்பைப் பற்றி எழுதியவர் சிலரே. நம் நாட்டில் இராசகாரியம் எனப்பட்ட கட்டாய ஊழிய முறையில், அதிகாரிகளின் பயணத்திற்கும் பொதிகளுக்கும் ஆட்கள் கூலியின்றித் தோள் கொடுக்க நேர்ந்தது. கோல்புரூக் ஆணைக்குழுவின் விசாரணையை அடுத்து 1830களின் தொடக்கத்திலேயே அம்முறை ஒழிக்கப்பட்டது. ஏறியவனுக்கு இலவசமாயிருந்த ஏற்றம் சுமந்தவனுக்கு ஒருபோதும் இலவசமாயிருந்ததில்லை.

சுமப்பாரின்றியே ஏற்றத்தை எளிதாக்கும் வழியையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அனுராதபுரத்தை அடுத்த மிகிந்தலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள 1,840 கற்படிகளைக் கண்டிருப்பர். அடிவாரத்திலிருந்து தொடங்கும் படிகள் அகன்றவை, உயரம் குறைந்தவை. வயது முதிர்ந்தவரும் நின்று நின்று ஏறக்கூடியவை. படியை அமைத்தவர் ஏறுவோரின் முழங்காலை எண்ணிப் பார்த்திருக்கிறார். செலவும் உழைப்பும் ஒரே முறை. பயனோ பல நூற்றாண்டுகளுக்கு.

இனி மேல்நாட்டின் பக்கம் சற்றுத் திரும்புவோம். இங்கிலாந்து மன்னன் எட்டாம் ஹென்றி இளமையில் குதிரையேற்றத்திலும் மற்போரிலும் வல்லவன். 1536இல் ஈட்டிப் போட்டியொன்றில் குதிரையினின்றும் விழுந்து கொடுங்காயம் உற்றான். காலில் ஆறாத புண்ணும், நாளடைவில் பெருத்த உடலும் அவனை நடக்கவிடாமல் செய்தன. 1547இல் அவன் இறந்த பின் எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலில், மன்னனைக் காவிச் செல்வதற்கான நாற்காலிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, வைற்ஹோல் அரண்மனைப் படிக்கட்டில் கயிறும் கப்பியும் கொண்டு பணியாளர் இழுத்தேற்றிய நாற்காலி என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி கருதுகிறார். அது உண்மையாயின், படியேறு நாற்காலியின் மூதாதை அதுவே எனலாம். இருநூறு ஆண்டுகளின் பின், 1743இல், பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் எதிர்எடையால் இயங்கும் 'பறக்கும் நாற்காலி' ஒன்று அமைந்தது. இவை அரசரின் வசதிகள். மக்களுக்கு அவை எட்டாக்கனி.

கயிற்றில் தொங்கும் எதற்கும் ஓர் அச்சம் உண்டு. துறைமுகத்தில் வாழும் எங்களுக்கு இது புதிதன்று. கப்பலிலிருந்து பொதி இறங்கும்போது கயிற்றின் கீழ் நிற்காதே என்பது இங்கே குழந்தைக்கும் சொல்லப்படும் புத்தி. அந்த அச்சத்தை நீக்கியவர் அமெரிக்கரான எலிசா ஓட்டிஸ். 1854இல் நியூயோர்க் கண்காட்சியில், உயரே தூக்கப்பட்ட மேடையின்மீது தாமே நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டுமாறு பணித்தார். கயிறு அறுந்தது, மேடை விழவில்லை. அவர் அமைத்த தடுப்புப் பற்கள் மேடையைப் பற்றிக்கொண்டன. 1857இல் நியூயோர்க்கின் ஐந்து மாடிக் கடையொன்றில் ஆட்களை ஏற்றும் மின்தூக்கியின் முன்னோடி இயங்கத் தொடங்கியது. அது நீராவியால் இயங்கியது. மின்சாரத்தால் இயங்கும் தூக்கியை 1880இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் சீமென்ஸ் காட்டினார். மாளிகைகளும் வானளாவிகளும் எழுந்தன. ஆனால் சாதாரண வீட்டின் படிக்கட்டு அப்படியே இருந்தது.

வீட்டுப் படிக்கட்டுக்கான இயந்திரம் நட்பின் பயனாய்ப் பிறந்தது. 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த கிறிஸ்பன் என்பவர், நோயுற்று மாடியறையில் முடங்கிய நண்பரைப் பார்க்கச் சென்றார். ஒரு தளத்திலிருந்து மறு தளத்திற்குச் செல்ல முடியாத அவர் நிலை கிறிஸ்பனை வருத்தியது. முறையாகப் பொறியியல் பயிலாதவராயினும், படிக்கட்டின் ஓரமாய்த் தண்டவாளம் பதித்து அதன்மேல் ஊரும் ஆசனத்தை வடிவமைத்தார். எட்டாம் ஹென்றிக்குப் பல பணியாளர் செய்த வேலையை ஒரு சிறிய மின்பொறி செய்தது.

நம் தமிழகத்திலும் இதே காலத்துப் போக்கைக் காணலாம். பழனி மலைக்கு 693 படிகள். ஏற முடியாதோர் கூலியாட்களின் தோளையே நம்பியிருந்த மலையில், 1966இல் தண்டவாளத்தின்மேல் ஏறும் இழுவை வண்டி இயங்கத் தொடங்கியது. 2004இல் அங்கே கம்பிவட ஊர்தியும் வந்தது. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும் 2024இல் அத்தகைய ஊர்தி வந்துவிட்டது. மலைமேல் உள்ள தெய்வத்தைக் காண முதியோருக்கும் வழி பிறந்தது. வீட்டு மாடியில் உள்ள முதியோருக்குக் கீழே உள்ள உலகத்தைக் காணும் வழியே இன்று நாம் எண்ண வேண்டியது.

நேயர்களே, திருகோணமலையில் மாடி வீடு என்பது பழைய வழக்கமன்று. எங்கள் பாட்டன்மார் வாழ்ந்தவை ஓட்டுக் கூரையும், அகன்ற திண்ணையும், பின்புறத்தே கிணறும் கொண்ட ஒற்றைத்தள வீடுகள். வயது முதிர்ந்தவர் திண்ணையில் சாய்மனைக் கதிரை போட்டு அமர்ந்திருப்பார். தெருவில் போவோர் வருவோரெல்லாம் அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டே போவர். வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் இரண்டு படிகளுக்குமேல் இருந்ததில்லை. முதுமை அவரை வீட்டுக்குள் இருத்தியது; உலகத்திலிருந்து பிரிக்கவில்லை.

மாடி எப்படி வந்தது? பட்டினம் இரு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது. ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் வெளிக்கடல். நல்ல நிலத்தில் பெரும் பங்கு கோட்டைக்கும் கடற்படைக்கும் துறைமுகத்திற்கும் உரியது. எஞ்சிய காணி பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து சுருங்கியது. அகல முடியாத வீடு உயர்ந்தது. 1983இல் மூண்டு 2009இல் முடிந்த போர் எங்கள் பிள்ளைகளை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பியது. அவர்கள் அனுப்பிய பணம் மேல்மாடியாக எழுந்தது. இவற்றோடு 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் சேர்ந்தது. இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற அந்த அலையில் ஓட முடியாத முதியோரும் சிறுவரும் மிகுதியாக மாண்டனர். அதன்பின் கரையோரத்து மக்கள் தலைக்கு மேலே ஒரு தளம் வேண்டுமென்று எண்ணியதில் வியப்பென்ன? ஆக, எங்கள் மாடிகள் வெறும் ஆடம்பரத்தால் எழுந்தவையல்ல. நிலக்குறைவும் பிரிவும் பயமும் சேர்ந்து கட்டியவை அவை.

ஆனால் அம்மாடிகளின் மேல் யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு தாயார் இருக்கிறார். பெயர் இங்கு வேண்டாம். மகன் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிய வீடு. பட்டினத்து வழக்கப்படி கீழ்த்தளம் கடைக்கு வாடகைக்கு விடப்பட்டது; தாயார் மேலே குடியேறினார். முதல் சில ஆண்டுகள் குறையொன்றுமில்லை. பின்னர் முழங்கால் தளர்ந்தது. கோயிலுக்குப் போவது வாரம் ஒரு முறையானது. பின் மாதம் ஒரு முறை. பின் திருவிழாவுக்கு மட்டும். ஒருநாள் நான் பார்க்கப் போனபோது, 'கீழ இறங்கிப் போயிடுவன் தம்பி, திரும்பி ஏறத்தான் ஏலாது' என்றார். அவர் மாடி விறாந்தையில் அமர்ந்து தெருவைப் பார்த்தபடி இருந்தார். தெருவில் போவோர் எவரும் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை.

அத்தாயாரின் மகன் தொலைபேசியில் என்னிடம் கேட்டதுதான் இந்தப் பேச்சுக்கே வித்து. 'சேர், இங்க கிழவர் வீடுகளில எல்லாம் படியில ஏறுற கதிரை பூட்டியிருக்கினம். அம்மாவுக்கும் ஒண்டு பூட்ட என்ன முடியும்?' என்றார். அவருக்கு விடை தேடியபோது நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துச் சொல்கிறேன்.

இயந்திரம் எளிமையானது. தண்டவாளம் சுவரில் அன்றிப் படிகளிலேயே பொருத்தப்படும். அதில் உள்ள பல்வரிசையில் பற்சக்கரம் உருண்டு ஆசனத்தை ஏற்றும். வேகம் விநாடிக்குப் பத்து முதல் பதினைந்து சதம மீற்றர் அளவே. ஒரு மாடி ஏற ஒரு நிமிடத்திற்கும் குறைவாகவே ஆகும். கால்பலகையில் ஏதேனும் தட்டுப்பட்டால் நாற்காலி தானே நின்றுவிடும். மேலே சென்றதும் ஆசனம் தளத்தை நோக்கித் திரும்பும். இறங்குபவர் படிக்கட்டின் விளிம்பில் நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலானவை மின்கலத்தில் இயங்குவதால் மின்வெட்டிலும் நடுவழியில் நின்றுவிடா. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நமக்கு இது அறிய வேண்டிய செய்தி.

விலையோ படிக்கட்டின் வடிவத்தைப் பொறுத்தது. நேரான படிக்கட்டாயின், ஆயத்தமாக உள்ள தண்டவாளத்தை நீளத்திற்கு வெட்டிப் பூட்டலாம். தேவை முடிந்ததும் கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்கலாம். படிக்கட்டு நடுவில் திரும்பினால், அந்த ஒரு வீட்டிற்கென்றே அளந்து தண்டவாளத்தை வளைக்க வேண்டும். அது வேறெந்த வீட்டிற்கும் பொருந்தாது. ஆகவே வளைந்த படிக்கட்டுக்கு இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். பிரித்தானியாவில் நேரான படிக்கட்டுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 5,000 பவுண் வரை. அமெரிக்காவில் 3,000 டொலர் முதல்.

அந்நாடுகளில் அச்செலவைத் தனி ஒருவர்மீதே சுமத்திவிடுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில், தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளின் வீட்டைத் திருத்துவதற்கு உள்ளூராட்சி மன்றங்கள் 30,000 பவுண் வரை உதவித்தொகை வழங்குகின்றன. கனடாவில் இத்தகைய திருத்தச் செலவில் 20,000 டொலர் வரையிலான தொகைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. அமெரிக்க முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதியான மெடிக்கேர் மட்டும் இதனைப் பொதுவாக ஏற்பதில்லை. செல்வ நாடுகளிடையேயும் சுமை எல்லா இடங்களிலும் ஒரேவிதமாகப் பகிரப்படவில்லை.

நம் நாட்டுக் கணக்கு வேறு. இறக்குமதியாகும் பொருளுக்கு நாணய மாற்று விகிதமே முதல் விலைவாசல். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாய். 3,000 டொலர் பெறுமதியான நாற்காலி ஒன்று, ஒருவரும் அதைத் தொடாமலே, ஆறு இலட்சத்திலிருந்து பத்து இலட்சத்து எண்பதினாயிரமாகிவிட்டது. பின்னர் டொலர் 300 ரூபாயை அண்மித்தபோது அது ஒன்பது இலட்சம். கப்பற் கூலி, தீர்வை, பொருத்தும் கூலி ஆகியவை இதற்கு மேல். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்கலம் மாற்ற வேண்டும். எங்கள் உப்புக் காற்றில் எந்த இரும்பும் நெடுநாள் பழுதின்றி இருப்பதில்லை; ஆதலால் பழுதுபார்ப்பவர் எங்கிருந்து வருவார் என்பதையும் வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

அந்த மகனும் நானும் தொலைபேசியில் கணக்குப் போட்டோம். அவர் வீட்டுப் படிக்கட்டு நடுவில் திரும்புவது. ஆகவே விலையை 6,000 டொலர் என்று வைத்துக்கொண்டோம். பதினெட்டு இலட்சம் ரூபாய். கீழ்க்கடையின் வாடகையை மாதம் 30,000 ரூபாய் என்று கொண்டால், அது ஐந்து ஆண்டு வாடகைக்குச் சமம். நேரான படிக்கட்டாக இருந்திருந்தால் இரண்டரை ஆண்டு வாடகையோடு முடிந்திருக்கும். வீடு கட்டும்போது, இடம் மிச்சம் என்று மேசன் சொன்ன ஒரு திருப்பத்தின் விலை, பல ஆண்டுகளின் பின் ஒன்பது இலட்சமாக வந்து நின்றது!

சாய்தளம் போடலாமே என்று சிலர் கேட்பர். சக்கர நாற்காலிக்கேற்ற சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும். பத்தடி உயர மாடிக்கு நூற்றிருபது அடி. பத்துப் பேர்ச் காணியோ சதுரமாக இருந்தால் பக்கத்திற்கு ஐம்பத்திரண்டு அடிதான். வாசற்படிக்குச் சாய்தளம் மிக நன்று. மாடிக்கு அது ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. கட்டடங்களுள் அவர்கள் தடையின்றிச் சென்றுவருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2011இல் உயர்நீதிமன்றம் புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளைப் பின்பற்ற வேண்டுமென்று பணித்தது. முதியோர் உரிமைகளுக்கான 9ஆம் இலக்கச் சட்டம் 2000ஆம் ஆண்டில் பிறந்தது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையிலிருந்து பிள்ளைகள் தவறலாகாது என்று அது வற்புறுத்துகிறது. இவை பெருமைக்குரிய சட்டங்கள். ஆயினும் பொதுக் கட்டடத்தின் வாசல்வரை வரும் விதி, தனியார் வீட்டுப் படிக்கட்டில் ஏறி வருவதில்லை. 2012ஆம் ஆண்டுக் குடித்தொகை மதிப்பீட்டின்படியே இந்நாட்டில் எட்டுப் பேருள் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அவ்விகிதம் ஏறிக்கொண்டே வருகிறது. இங்கிலாந்தைப்போல் பெருந்தொகை வழங்க நம் உள்ளூராட்சி மன்றங்களால் இன்று இயலாதிருக்கலாம். வீட்டு வரைபடத்தை அங்கீகரிக்கும் வேளையில், கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை.

பாடசாலையில் கற்ற பாடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பொறுப்பிலுள்ள பாடசாலையில் மேல்வகுப்புகள் மாடியில் நடந்தன. செயற்கைக் காலோடு ஒரு மாணவன் அவ்வகுப்புக்குத் தேறினான். கைபிடியைப் பற்றி அவன் ஏறி வருவதற்குள் முதற்பாடம் தொடங்கிவிடும். இடைவேளைகளில் அவன் கீழே இறங்குவதேயில்லை. திணைக்களத்திற்கு எழுதலாமா, நலன்விரும்பிகளிடம் பணம் திரட்டலாமா என்று ஆசிரியர்கள் கூடி ஆராய்ந்தோம். அப்போது காவலாளி ஐயா, 'வகுப்பைக் கீழ மாத்தினா என்ன?' என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை வகுப்பு கீழே நடந்தது. செலவு, மேசை கதிரைகளை இறக்கிய மாணவருக்குக் கொடுத்த தேநீர் மட்டுமே. படித்த எங்களுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியதை எண்ணி நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

நாற்காலி வேண்டாம் என்பதன்று இதன் பொருள். கீழே இடமில்லாத வீடுகள் உள. கீழ்த்தள வாடகையே உணவாக உள்ள குடும்பங்கள் உள. அங்கே இந்த இயந்திரம் ஆடம்பரமன்று. ஓர் உயிரின் நடமாட்டம். தேய்ந்த முழங்காலோடு வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், ஆகும் வைத்தியச் செலவையும் படும் வேதனையையும் நோக்க, பதினெட்டு இலட்சமும் பெரிதாகத் தோன்றாது. வாங்க முடிந்தவர் வாங்குக. வாங்குமுன் படியின் அகலத்தையும் திருப்பத்தையும் அளந்து, வேறு வழியும் உண்டா என்று முதலில் நோக்குக. இனி வீடு கட்டுவோர் படிக்கட்டை நேராக அமைக்கட்டும். படிகள் மிகிந்தலைப் படிகளைப்போல் தாழ்ந்தும் அகன்றும் இருக்கட்டும். இருபுறமும் கைபிடி இருக்கட்டும். கீழே ஓர் அறை இருக்கட்டும். அந்த அறை இன்று பாட்டிக்கு, நாளை நமக்கே.

அந்த மகன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கடைக்காரருடன் பேசினார். கடையின் முன்பாதியை அவரே வைத்துக்கொண்டார், பின்பாதி அறையானது. வாடகை பாதியாகக் குறைந்தது. சுவர் எழுப்பவும் குளியலறை அமைக்கவும் ஆன செலவு நாற்காலியின் விலையில் ஒரு பகுதிதான். இன்று அத்தாயார் மாலை வேளைகளில் பக்கவாசலில் கதிரை போட்டு அமர்ந்திருக்கிறார். தெருவில் போவோர் நின்று பேசிவிட்டுப் போகின்றனர். வெள்ளிக்கிழமைகளில் பேரப்பிள்ளை ஒருத்தியின் கையைப் பிடித்துப் பத்திரகாளி அம்மன் கோயில்வரை நடக்கிறார்.

ஏற்றத்திற்கு என்றும் ஒரு விலை உண்டு. முன்னாளில் அதைச் சுமந்தவன் தோள் கொடுத்தது. இந்நாளில் பணம் கொடுக்கிறது. தோளும் பணமும் கொடுக்கப்படாத வீட்டில், மேலே தனித்திருக்கும் முதியவர் தம் எஞ்சிய நாட்களால் அதைக் கொடுத்துக்கொண்டிருப்பார். இராவணனுக்குத் தாயின் மீதிருந்த அன்பு பெரிது. ஆனால் மலையைப் பெயர்க்க வாள் எடுத்தவனுக்குக் கிடைத்தது ஒரு பிளவுதான். நமக்கு அத்தனை வலிமை வேண்டியதில்லை. தாய் இருக்கும் இடத்திலிருந்து வாசல்வரை எத்தனை படிகள் உண்டு என்று இன்றிரவு ஒருமுறை எண்ணிப் பார்த்தாலே போதும்.